மிக்ஸி ஓடுமா? கேம்பர் வேன் கரண்ட் கணக்கு

வீட்டில் இன்வெர்ட்டர் போட்டுப் பழகியவர்கள்தான் வேனுக்கு வயரிங் செய்யும்போது அதிகம் தடுமாறுகிறார்கள். இதைப் பல வேன்களில் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2022, 2023-இல் இங்குள்ள மின் நிறுவனமான எஸ்காமின் லோட் ஷெடிங் ஸ்டேஜ் 6 வரை போனபோது, அதாவது நாட்டின் மின்தேவையில் 6000 மெகாவாட் வரை வெட்டியபோது, கையில் காசிருந்த ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஏறின. டர்பனில் அந்த வேலையைச் செய்துதான் என் குடும்பம் நடக்கிறது. கிலோவாட் என்றால் என்ன, எம்பிபிடி (சோலார் பேனலில் இருந்து முழுப் பலனையும் எடுக்கும் கண்ட்ரோலர்) என்றால் என்ன என்று சாட்ஸ்வொர்த் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்று மாதக்கணக்கில் கரண்ட் போகாமல் இருந்ததும், அதே ஆர்வம் இப்போது வேன் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு பழைய பேனல் வேனை வாங்கி, உள்ளே கட்டில், ஃப்ரிட்ஜ், சின்னதாய் ஒரு சமையல் மேடை. ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே மலைப்பக்கம் கிளம்பிவிடலாம். நல்ல ஆசைதான், எனக்கும் உண்டு.

ஆனால் வீட்டுக் கணக்கை அப்படியே வேனில் போடக்கூடாது. வீட்டில் பேட்டரி 48 வோல்ட். 5 கிலோவாட் இன்வெர்ட்டரை முழுக்க ஓட்டினாலும் பேட்டரி வயரில் சுமார் 100 ஆம்பியர்தான் போகும். வேனில் பேட்டரி 12 வோல்ட். 1500 வாட் கெட்டில் ஒன்றை இன்வெர்ட்டர் வழியாகப் போட்டால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 140 ஆம்பியர். ஒரு டீக்கு வெந்நீர் வைப்பதற்கு, உங்கள் வீடு முழுக்க ஓடும்போது போவதைவிட அதிக கரண்ட்! வோல்ட் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் நாலு மடங்கு. அதே தடிமன் வயரில் சூடாகப் போகும் நஷ்டம் பதினாறு மடங்கு. வேன் வயரிங்கில் நான் பார்க்கும் எல்லாக் கோளாறும் இந்தப் பதினாறில் வந்துதான் முடிகிறது.

சமீபத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து ஒரு தம்பி வேனோடு வந்திருந்தார். ஊர் நாகர்கோவில் பக்கம், ஐடி வேலை. கையில் ஒரு எக்செல் ஷீட், அதில் முப்பது நாற்பது வரிகள். அவருடைய மனைவிக்கு ஒரே ஒரு கேள்விதான்: “அண்ணே, இதுல மிக்ஸி ஓடுமா? சட்னி அரைக்கணும்.”

எக்செல் ஷீட்டைவிட அந்தக் கேள்விதான் எனக்கு உபயோகமாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த 750 வாட் மிக்ஸி. இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஓடுவதில் பிரச்சினை இல்லை. (பிளக்தான் சேராது. இங்கே சுவரில் இருப்பது நம்ம ஊரில் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று உருண்டைப் பின் சாக்கெட். மிக்ஸிக்கு அடாப்டர் வேண்டும்.) சட்னி அரைக்க மூன்று நிமிஷம் என்று வையுங்கள். செலவாகும் மின்சாரம் சுமார் 40 வாட் அவர். ஆயிரம் வாட் அவர்தான் ஒரு யூனிட்; அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மூன்று நிமிஷமும் பேட்டரி வயரில் 70 ஆம்பியர் ஓடுகிறது. சுவிட்சைத் திருப்பும் கணத்தில் அதற்கும் மேலே எகிறும்.

ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் அளவில்தான் இழுக்கும். சுமார் நாலு ஆம்பியர். ஆனால் அது இரவு பகலாக விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரை யூனிட் போய்விடும்.

ஆக, பேட்டரி எவ்வளவு பெரிசு என்பதைத் தீர்மானிப்பது ஃப்ரிட்ஜ். வயர் எவ்வளவு தடிமன் என்பதைத் தீர்மானிப்பது மிக்ஸி. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தம்பியின் எக்செல் ஷீட்டில் இவை இரண்டும் ஒரே பத்தியில் கூட்டப்பட்டிருந்தன. அதனால்தான் அவருக்கு ‘400 ஆம்பியர் அவர் பேட்டரி வேண்டும்’ என்று விடை வந்திருந்தது.

உட்கார்ந்து பிரித்துப் போட்டோம். ஃப்ரிட்ஜ் 500 வாட் அவர். இரவு முழுக்க ஓடும் சின்ன ஃபேன் 200. ஒரு லேப்டாப், இரண்டு போன் 150. எல்இடி விளக்குகள் 80. தண்ணீர் பம்ப் நாள் முழுக்கக் கூட்டினாலும் சில நிமிஷம்தான், 10. மிக்ஸி 40. மொத்தம் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நம்ம ஊர் ஈபி பில்லைப் பார்த்தவர்களுக்கு ஒரு யூனிட் என்றால் எவ்வளவு என்று புரியும். வேன் வாழ்க்கையின் ஒரு நாள் அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி வைத்தால் 2.5 யூனிட். சூரியன் முகமே காட்டாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். 400 தேவையே இல்லை.

இன்டக்ஷன் அடுப்பைப் பற்றியும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒரு கிலோ எல்பிஜி கேஸில் 12, 13 யூனிட் அளவுக்குச் சூடு இருக்கிறது. மூன்று கிலோ சிலிண்டர் ஒன்று, விலையுயர்ந்த அந்த இரண்டு பேட்டரியையும் போலப் பதினைந்து மடங்கு. கேஸ் அடுப்பில் பாதிச் சூடு பக்கவாட்டில் போய்விடும் என்பது உண்மைதான்; அப்படிப் பார்த்தாலும் கணக்கு கேஸ் பக்கம்தான். சமையல் கேஸில் இருக்கட்டும், அரைப்பது கரண்டில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள்.

அந்த வேனில் ஃப்ரிட்ஜுக்கு ஏற்கெனவே ஒருவர் வயர் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வியாதி இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகும், கொஞ்ச நேரத்தில் தானாக ஆன் ஆகும், திரும்ப ஆஃப். பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்று தம்பிக்குச் சொல்லியிருந்தார்கள். பழைய ஏஜிஎம் (சீல் செய்த லெட் ஆசிட் வகை) பேட்டரிதான், ஆனாலும் அதன் மேல் பழி போடுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்தேன். ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில் 12.1 வோல்ட். அடுத்து ஃப்ரிட்ஜ் பிளக்கிடம் அளந்தேன். 11.3. நடுவில் 0.8 வோல்ட் காணோம்.

போட்டிருந்தது 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். பேட்டரியில் இருந்து ஃப்ரிட்ஜுக்கு ஐந்து மீட்டர். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் சேர்த்துப் பத்து மீட்டர். வீட்டில் லைட் சர்க்யூட்டுக்கு இதே வயரைத்தான் இழுப்போம். 230 வோல்ட்டில் அரை வோல்ட் விழுந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது நூற்றுக்கு நாலு. பத்து மீட்டர் செம்பு, அந்தத் தடிமனில், ஐந்து ஆம்பியருக்கு 0.58 வோல்ட்டைத் தின்றுவிடும். மீதி 0.2 சிகரெட் லைட்டர் சாக்கெட்டில். பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடுதான் காணாமல் போன வோல்ட். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஆம்பியர் கூடும், வோல்ட் இன்னும் சரியும். ‘பேட்டரி தீர்ந்துவிட்டது, காப்பாற்றுவோம்’ என்று ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கண்ட்ரோலர் நிறுத்திவிடும். நிறுத்தியதும் கரண்ட் ஓட்டம் இல்லை, வோல்ட் மேலே வரும், திரும்பக் கிளம்பும். இதுதான் ராத்திரி முழுக்க நடந்த கூத்து.

பேட்டரியை மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும். 6 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, லைட்டர் சாக்கெட்டைத் தூக்கிவிட்டு ஆண்டர்சன் பிளக் (அதிக ஆம்பியர் தாங்கும், இறுக்கமாகப் பிடிக்கும் பிளக்) வைத்தோம். இழப்பு 0.15 வோல்ட்டுக்கு இறங்கியது. அதே பழைய பேட்டரியில் ஃப்ரிட்ஜ் விடியும்வரை ஓடியது. பல ஃப்ரிட்ஜ்களில் எத்தனை வோல்ட்டில் நிற்க வேண்டும் என்பதை மாற்றி வைக்க வழியுண்டு. அதைக் குறைத்து வைத்துச் சமாளிப்பது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. முதலில் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள்.

வயர் விஷயத்தில் இன்னொன்று. வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி வயர் வேனுக்கு ஆகாது. கரூ என்னும் வறண்ட நிலப்பகுதியில் ஒரு கிரேவல் ரோட்டில் போனால் வேன் முழுக்க அதிரும். அந்த அதிர்வில் ஒற்றைக் கம்பி முனையில் ஒடியும். மெல்லிய இழைகள் நிறைந்த வயர்தான் வேண்டும். இன்வெர்ட்டருக்கு 50 ஸ்கொயர் எம்எம், நல்ல செம்பு வெல்டிங் கேபிள் போதும், நீளம் ஒரு மீட்டரைத் தாண்டாமல். முனையில் மாட்டும் செம்பு வளையமான லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள். ஈயம் ஊற்றினால் அது முடியும் இடத்தில் இழைகள் விறைத்து, ஆட்டத்தில் அங்கேயே முறியும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய கேபிளும் அதே சிவப்பு உறையில் விலை குறைவாகக் கிடைக்கிறது.

ஃபியூஸ். இதை நிதானமாகப் படியுங்கள். ஃபியூஸ் இருப்பது ஃப்ரிட்ஜையோ இன்வெர்ட்டரையோ காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. ஒரு திருகாணி வயரின் உறையைக் கிழித்து வேன் பாடியைத் தொட்டுவிட்டால், லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும், உருகிய இடைவெளியில் தீப்பொறி நிற்காமல் பாய வாய்ப்பிருக்கிறது. அதனால் லித்தியத்துக்கு கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடச் சொல்கிறேன். 1500 வாட் இன்வெர்ட்டர், 50 ஸ்கொயர் எம்எம் வயர் என்றால் 200 ஆம்பியர் சரியாக இருக்கும். வீட்டு டிபி போர்டில் இருக்கும் ஏசி (AC, மாறுமின்னோட்ட) பிரேக்கரைக் கழற்றி இங்கே போடாதீர்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அந்த இடைவெளியில் தீப்பொறி அணையும். பேட்டரியில் இருந்து வரும் டிசிக்கு (DC, நேர்மின்னோட்டம்) அந்தப் பூஜ்யமே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் ‘பார்த்துக்கலாம்ணே’ என்று யார் சொன்னாலும் நான் வேலையைத் தொடமாட்டேன். பூட்டிய வேனுக்குள் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

பேட்டரி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜிஎம்மில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும்; 100 ஆம்பியர் அவர் என்று எழுதியிருந்தால் 50 என்று படியுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80, 90 வரை எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. ஒரே சங்கடம், வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. லித்தியத்தில் முக்கால்வாசிக்கும் கால்வாசிக்கும் நடுவில் வோல்ட்டின் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் சிறு வித்தியாசம். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிச் சொல்லும் ஷண்ட் மீட்டர் கட்டாயம். நெகட்டிவ் வயர் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றை மட்டும் நேராகப் பேட்டரியில் மாட்டினாலும் கணக்கு பொய்யாகும்.

பேட்டரியை நிரப்ப வண்டி ஓட்டுவதைவிட நம்பகமான வழி கிடையாது என்பது என் கருத்து. எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து அளவாக எடுத்துப் பேட்டரிக்குத் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று மணிக்கு சுமார் 400 வாட் அவர் கொடுக்கும். டர்பனில் இருந்து N3 நெடுஞ்சாலையில் ஏறி, ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் இறங்கும்போது ஒரு நாள் செலவுக்கு மேலேயே ஏறியிருக்கும். பழைய வேன்களில் போடுவது மாதிரி வெறும் ரிலே (தானாக இணைக்கும் சுவிட்ச்) வைத்து லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரோடு சேர்க்காதீர்கள். லித்தியத்துக்கு உள் எதிர்ப்பு குறைவு, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டி டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு தாங்காமல் காயில் கருகும். புது டீசல் வண்டிகளில் வேறு சிக்கல்: எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் தானாகவே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும், ரிலே விட்டுவிடும், பேட்டரி ஏறாது. இரண்டுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் மருந்து.

சோலார் பற்றி ஊரில் கற்றதை இங்கே திருப்பிப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்ப்போம். இங்கே சூரியன் வடக்கே போகும். டர்பன் கிட்டத்தட்ட 30 டிகிரி தெற்கில் இருக்கிறது. ஜூன் மாத மத்தியானத்தில்கூடச் சூரியன் வடக்கு வானத்தில் 37 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். கூரையில் மட்டமாகப் படுக்க வைத்த பேனலுக்கு அது சாய்ந்த வெயில். 200 வாட் பேனல் கோடையில் நல்ல நாளில் முக்கால் யூனிட் தரும் என்றால் குளிர்காலத்தில் அரை யூனிட்டை எதிர்பார்க்கலாம். வடக்குப் பார்த்துத் தூக்கி நிறுத்தும் கால் வைத்துக்கொண்டால் குளிர்காலத்தில் நன்றாகவே கூடும். தென்கரையில் கடலோர முகாம்களில் மரநிழல் தேடித்தான் வேனை நிறுத்துவோம். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் உற்பத்தி பெரும்பகுதி விழுந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு மடக்குப் பேனல் ஒன்றை வெயிலில் தூரமாக வைத்து வயர் இழுப்பது நல்லது. எம்பிபிடி கண்ட்ரோலரைப் பேட்டரி பக்கத்தில் வையுங்கள், பேனல் பக்கத்தில் அல்ல. நீள வயரில் அதிக வோல்ட்டும் குறைந்த ஆம்பியரும் போகட்டும்.

முகாம்களில் கரண்ட் கம்பத்தில் இருப்பது பெரும்பாலும் நீல நிற 16 ஆம்பியர் கேரவன் சாக்கெட். அதில் இருந்து வேனுக்குள் வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) கட்டாயம் இருக்க வேண்டும். இந்த 230 வோல்ட் பகுதியை மட்டும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் வேனுக்குள் சேர்ந்திருக்க வேண்டும்; கம்பத்தில் மாட்டியதும் அந்தச் சேர்க்கை விலக வேண்டும். இது சரியாக இல்லையென்றால் எர்த் லீக்கேஜ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கடைசியாகக் குளிர். ஜூலை பள்ளி விடுமுறையில் டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: காலையில் வெயில் நன்றாக அடிக்கிறது, பேனலும் சுத்தம், ஆனால் பேட்டரியில் ஒரு ஆம்பியர்கூட ஏறவில்லை, கோளாறா? கோளாறு இல்லை. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் போய் உட்காராமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் போன கொள்ளளவு திரும்பாது. அதனால் பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் என்னும் கண்ட்ரோல் போர்டு சார்ஜை மறித்து வைத்திருக்கிறது. கரண்ட் எடுப்பதற்குத் தடை இல்லை, விளக்கும் ஃப்ரிட்ஜும் ஓடும். பேட்டரியை வேனுக்கு அடியில் வெளியே தொங்கவிடாமல், உள்ளே கட்டிலுக்குக் கீழே வைத்தால் பெரும்பாலும் இந்த நிலையே வராது, மனிதர்கள் தூங்கும் சூடே போதும். தம்பியின் வேனில் அப்படித்தான் வைத்தோம். வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி அந்த பிஎம்எஸ்ஸில் இருக்கிறதா என்று. விலை குறைந்த சிலவற்றில் அது இருப்பதில்லை.